சரித்திரக் கதையில் நம் பெண்கள் எங்கே?

(ஜெஞ்சாரோமில் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரித்திரக் கதைகளில் பெண் விடுதலை என்பது இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும், "விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இதனால் என்ன பயன்? கூலி உயர்வைப் பற்றிப் பேசினாலாவது காதில் ஏறும்" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான நினைப்புத்தான். நாம் பேசப்போவதும் கடைசியில் கூலியைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சரித்திரக் கதை என்றால் நம்மில் பெரும்பாலோருக்குக் கல்கிதான். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் தோட்டத்துப் படிப்பகங்களில் அட்டை கிழிந்து, தைத்து, மறுபடியும் கிழிந்த புத்தகங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கதைகளைக் குறைத்துப் பேச நாம் இங்கே வரவில்லை. கல்கி பெண்ணை மட்டமாக எழுதியவர் அல்லர். அவருடைய குந்தவை அரசியல் யோசனையில் எந்த அமைச்சருக்கும் இளைத்தவள் அல்லள். நந்தினியின் மூளைக்கு முன்னால் பெரிய பழுவேட்டரையரின் வீரம் என்ன ஆயிற்று என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. சிவகாமியை எடுத்துக்கொள்வோம். ஆயனச் சிற்பியின் மகள், கையால் உழைக்கும் கலைஞன் வீட்டுப் பெண், நாட்டியத்தில் இணையில்லாதவள். சாளுக்கியர் அவளைச் சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டு போகிறார்கள். மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் அவள் வர மறுக்கிறாள். இந்த நகரம் எரிவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வெளியேறுவேன் என்பது அவள் எடுத்த சபதம். தமிழ்க் கதைகளில் ஒரு பெண் எடுத்த முடிவுகளில் இத்தனை உறுதியான முடிவு அரிது. ஆனால் பாருங்கள்: சபதம் அவளுடையது, அதை நிறைவேற்றும் படையோ மாமல்லனுடையது. அவள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். நகரம் எரிகிறது. விடுதலையாகிக் காஞ்சிக்குத் திரும்பினால், அங்கே பாண்டியன் மகள் பட்டத்து ராணியாக இருக்கிறாள். சிவகாமி ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறாள். சிறையை விட்டு வந்தவளுக்கு ஊருக்குள் வேறு இடமில்லை. விடுதலைக்கு மறுநாள் அவள் வீட்டு அடுப்பு எரிந்ததா, யார் தயவில் அவள் சாப்பிட்டாள் என்றெல்லாம் நாம் கேட்க முடியாது. கதை முடிந்துவிட்டது.

பூங்குழலி இன்னும் நமக்கு நெருங்கியவள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். புயற்கடலில் துடுப்புப் போட்டு இளவரசரைக் காப்பாற்றுகிறவள். தன் கையை நம்பி வாழ்கிறவள். அவளுக்குக் கல்கி கொடுத்த முடிவு என்ன? சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன் உத்தம சோழனாக அரியணை ஏற, அவள் அரசியாகிறாள். அவளுக்கு மகிழ்ச்சி, படித்த நமக்கும் மகிழ்ச்சி. கோடிக்கரையில் அந்தத் துடுப்பை அதன் பிறகு யார் எடுத்தார்கள் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை.

ஜான்சி ராணி, வேலு நாச்சியார் என்று வாளெடுத்த அரசிகளின் கதைகளும் உண்டு. எல்லாம் நல்லவைதாம். ஆனால் அரசிக்கு வாள் அரண்மனைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சுவரில் உளியும் காண்டாக் கம்பும் தொங்குகிற வீட்டுப் பெண்ணின் கதை வேறு.

அந்தக் கதை எங்கோ இல்லை. 'சிவகாமியின் சபதம்' கல்கி பத்திரிகையில் 1944-ஆம் ஆண்டு தொடங்கி 1946 வரை தொடர்கதையாக வந்தது. தாய்த்தமிழகத்தில் வாரந்தோறும் வாசகர்கள் சிவகாமிக்காகக் கண்ணீர் விட்ட அதே 1944-இல், பர்மாவில் மேமியோ என்ற மலையூரில், காக்கிச் சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். தோளில் துப்பாக்கி. அவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள். ஜான்சி ராணிப் படை என்று சொன்னால் இங்கே இருக்கும் பாட்டிமார் சிலருக்காவது நெஞ்சு துடிக்கும்.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அந்த மாதமே மேடையில் கேட்டார். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் பொறுப்பை ஏற்றார். அக்டோபர் 22-ஆம் நாள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஆண்களுக்கு என்ன பயிற்சியோ அதுவே பெண்களுக்கும்: அணிவகுப்பு, துப்பாக்கி, நெடுந்தூர நடை. படையின் மொத்தத் தொகை ஆயிரம் என்பாரும் உண்டு, ஐந்நூற்றுக்கும் குறைவு என்பாரும் உண்டு. போர்முனையில் நின்று சண்டையிடும் நாள் அவர்களுக்கு வரவில்லை. இம்பால் முனையில் தோற்றுத் திரும்பிய வீரர்களின் காயங்களைக் கட்டினார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டு வீச்சுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்து பாங்காக் நோக்கிப் போனார்கள். அந்தப் பின்வாங்கலில் ஜோசபின், ஸ்டெல்லா என்ற இருவர் தாக்குதலில் மாண்டார்கள்.

இதில் நம் மனத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னச் சங்கதி. படையில் சேர விரும்பிய பெண், மணமாகாதவள் என்றால் தந்தையின் கையெழுத்தைக் கொண்டு வரவேண்டும். மணமானவள் என்றால் கணவனின் கையெழுத்து. கோலாலம்பூர் ஜானகி தேவர் அப்போது பதினெட்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண். காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் போஸிடம் கொடுத்தவர், பின்னாளில் அந்தப் படையின் தலைவியரில் ஒருவரானவர். அவருக்கும் தந்தையின் கையெழுத்தை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. ஒரு தேசத்தின் விடுதலைக்குச் சாகப் போகிறேன் என்று புறப்பட்டவள், வீட்டுக்குள் ஒரு கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறாள்! சரித்திரக் கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாதாபியை எரிக்கும் காட்சிக்குப் பத்து அத்தியாயம் வேண்டும் என்றால், இந்தக் கையெழுத்துக்கு இருபது அத்தியாயம் எழுதலாம்.

அடுத்து, தோட்டத்துப் பெண் ஏன் சேர்ந்தாள்? நாட்டுப்பற்று என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. சப்பான்காரன் காலத்தில் ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டங்கள் படுத்துவிட்டன, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. சயாம் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கொண்டு போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழர்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆண் போய்விட்ட லயத்தில் பெண் என்ன செய்வாள்? படையில் சோறு உண்டு, துணி உண்டு, மரியாதை உண்டு. 'ஏய்' என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். பசியா, பற்றா, கங்காணியின் கண்ணிலிருந்து தப்புவதா என்று ஒன்றைப் பிரித்தெடுத்துக் கேட்பதில் அர்த்தமில்லை. மூன்றும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கும். 'இவள் தியாகி' என்று முத்திரை குத்தி மாலை போட்டுவிட்டால், மீதி இரண்டும் கதையிலிருந்து வெளியே போய்விடும். அப்புறம் அவள் மனுஷியாக இருக்கமாட்டாள், சிலையாகத்தான் இருப்பாள்.

இந்தப் படையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நினைவுக் குறிப்புகள் யாருடையவை? டாக்டர் லட்சுமி எழுதினார். ஜானகி சொன்னவை அச்சில் வந்தன. ஈப்போவிலிருந்து போன இராசம்மாவின் வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. மூவருமே படித்த குடும்பத்துப் பெண்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் இந்த அளவும் நமக்குத் தெரிந்திராது. ஆனால் அணிவகுப்பில் நின்றவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண்கள். படை கலைந்த பின் ஜானகி அரசியலுக்கு வந்தார், 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் அமைந்தபோது அதில் பங்கு கொண்டார், மேலவை உறுப்பினர் ஆனார், 2014-இல் மறைந்தார். இராசம்மா பூபாலன் ஆசிரியை ஆனார். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் அமைத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று போராடினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. துப்பாக்கி பிடித்த பெண், துப்பாக்கியை வைத்த பிறகு எடுத்த முதல் பெரிய சண்டை சம்பளச் சண்டை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் தோட்டப் பெண் என்ன ஆனாள்? முடியை வெட்டிக்கொண்டு, காற்சட்டை போட்டு, சாதி பாராமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவள், 1945 கடைசியில் லயத்துக்குத் திரும்புகிறாள். துரை திரும்பி வந்துவிட்டான். பெரட்டுக் களத்தில் பழைய வரிசை. அதே நிரை, அதே மங்கு. வீட்டில், "பர்மாவில் யாரோடு இருந்தாய்?" என்று கேட்பவர்களும் இருந்திருப்பார்கள். சிவகாமிக்குக் கல்கி ஒரு கோயிலைக் காட்டினார். இவளுக்குக் காட்ட யாரும் எழுதவில்லை. நமக்கு வேண்டிய சரித்திரக் கதை, விடுதலைக்கு மறுநாள் காலையில் தொடங்குகிற கதை.

அப்படி எழுத முடியுமா என்றால், முடியும். தமிழிலேயே ஒருவர் எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடம் போய் அவர்கள் பாட்டைக் கேட்டு 'கரிப்பு மணிகள்' எழுதியவர். 1991-இல் அவர் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் தலைவி அரசி அல்லள். கீழைத் தஞ்சையின் மணலூர் மணியம்மாள் என்ற உண்மைப் பெண்மணி. வைதிகக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கைம்பெண் ஆனவர். மூலையில் உட்கார மறுத்தார். பண்ணையாட்களின் சேரிக்குப் போனார். அவர்களைச் சங்கத்தில் சேர்த்தார். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் ஆளான உழைப்பாளிகளோடு நின்றார். சேலையை விட்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையும் உடுத்தார், தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டார், சிலம்பம் கற்றார். 1953-இல், வளர்ப்பு மான் ஒன்று முட்டி அவர் இறந்தார் என்பது பதிவு. இப்படி ஒரு முடிவைக் கற்பனையாக எழுதினால் எந்தப் பத்திராதிபரும் அடித்துத் திருத்தியிருப்பார்.

இந்த நாவலில் நாம் கவனிக்க வேண்டியது அதன் நடையழகு அன்று. அது எழுந்த விதம். மணியம்மாள் இறந்து முப்பது நாற்பது ஆண்டுகள் ஆன பிறகு, ராஜம் கிருஷ்ணன் அந்த ஊர்களுக்கே போய், அவரை அறிந்த வயதானவர்களிடம் கேட்டு எழுதினார். செப்பேட்டிலும் அரசர் மெய்க்கீர்த்தியிலும் மணியம்மாளைத் தேடியிருந்தால் ஒரு வரியும் கிடைத்திராது. உழைக்கும் பெண்ணின் சரித்திரம் இருக்கும் இடம் வேறு; தேடும் வழியும் வேறு.

நம் நாட்டிலும் வழி திறந்துதான் இருக்கிறது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி அதே கொடுமையை 'நினைவுச் சின்ன'த்திலும், இந்தியத் தேசிய இராணுவத்தை 'இமையத் தியாக'த்திலும், அவசரகாலத்தை நம் பக்கத்து ஆற்றின் பெயரையே வைத்து 'லங்காட் நதிக்கரை'யிலும் நாவலாக்கினார். சோழனும் பல்லவனும் இல்லாமலே தமிழில் சரித்திர நாவல் உண்டு என்று காட்டியவர்கள் இவர்கள். இனி எழுத வருகிறவர்கள், குறிப்பாக நம் பெண்பிள்ளைகள், இன்னும் ஓர் அடி வைக்கவேண்டும். எங்கே என்று கேட்டால், 1941-ஐக் காட்டுவோம்.

அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் பற்றி இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆர். எச். நாதன் முதலானோர் முன்நின்றார்கள். மே மாதம் நாதனைப் பிடித்தார்கள், தோட்டங்கள் கொதித்தன, பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைச் சொல்லும்போது நாம் வழக்கமாக எதைச் சொல்கிறோம்? கூலி உயர்வு. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்ற தன்மானம். கள்ளுக்கடையை மூடு என்பது. எல்லாம் சரி. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: தோட்டத் துரைமாரும் உத்தியோகஸ்தர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பது. தொழிற்சங்கச் சட்டம் கூட நம்மவரிடம் சரியாக எட்டாத காலத்தில், இதை ஒரு கோரிக்கையாக எழுதி நீட்டினார்கள்! அப்படியானால் அதற்கு முன் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் வாய் திறந்து சொல்லியிருக்கவேண்டும்? வெளியே சொன்னால் மானம் போகும் என்று அடக்கப்பட்டவள், யாரிடம் முதலில் சொன்னாள்? கேட்டவன் கையை ஓங்கினானா, அல்லது கூட்டத்துக்குக் கொண்டு போனானா? கோரிக்கையின் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழு நாவல் உட்கார்ந்திருக்கிறது.

இனிக் கூலிக்கு வருவோம், சொன்னபடி. 1930-களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளருக்கென்று வைத்திருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றுதான், பட்டை ஒன்றுதான், வாளி தூக்கும் தூரமும் ஒன்றுதான். அந்தப் பத்துக் காசு ஏன் குறைந்தது? அந்த நாற்பதையும் சம்பள நாளில் தன் கையில் வாங்கியவள் எத்தனை பேர்? பல லயங்களில் தகப்பனோ கணவனோ போய் வாங்கினான். பாதி கள்ளுக்கடை வழியாக வீட்டுக்கு வந்தது. சபதமும் வாளும் இல்லாத இந்த இடத்தில்தான் பெண் விடுதலை நம் வீடுகளில் தோற்றதும் வென்றதும் நடந்தது. இதை எழுதினால் சரித்திரக் கதை ஆகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராசராச சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொன்றாக: நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று போகிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த 400 பெண்களும் பெயரோடு நிற்கிறார்களே, எதனால்? கவிஞர் பாடியதால் அன்று. சம்பளக் கணக்கில் ஏறியதால்! 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களும் இராசராசனின் இளமைக் காலத்தைச் சுற்றியவை. குந்தவைக்கும் வானதிக்கும் கிடைத்த இடம் அந்த நானூறு பேரில் ஒருத்திக்கும் கிடைக்கவில்லை. அவர்களை விரும்பி வந்தவர்கள் என்று கொள்வதா, கொண்டு வரப்பட்டவர்கள் என்று கொள்வதா? தன் ஊரை விட்டு வந்த எடுத்தபாதம் என்ன நினைத்தாள்? கப்பலேறி வந்த நம் பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி சட்டென்று புரியும்.

கிராணிமார்களே, இப்போது உங்களைப் பார்த்துச் சொல்கிறோம். அந்தக் கல்வெட்டுக்கு ஈடான ஏடு உங்கள் ஆபீஸ் அலமாரியில் கிடக்கிறது, அல்லது கிடந்தது. செக்ரோல். எண், பெயர், யாருடைய மகள் அல்லது மனைவி, எந்தக் கங்காணியின் ஆள், எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம். பிள்ளை பெற்ற மாதம் வேலை நாள் குறைந்திருப்பது கூட அதில் தெரியும். கிள்ளான், கோலலங்காட் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீட்டு மனையும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. தோட்டம் கைமாறும்போதெல்லாம் பழைய ஏடுகள் முதலில் அடுப்புக்குப் போகின்றன. தளிச்சேரிப் பெண்டுகளைக் கல்லில் வெட்டினார்கள். நம்முடையவர்களைக் கரையான் தின்னும் காகிதத்தில் எழுதினோம்.

ஆகையால் கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், எழுத ஆசையில்லாவிட்டாலும் பாட்டி உயிரோடிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் வேண்டுகோள் இது. பழைய ஏடு எங்காவது இருந்தால் எரிக்க விடாதீர்கள். ஒரு பக்கமானாலும் படம் பிடித்து வையுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'நீங்கள் சரித்திரத்தில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால், "நாங்கள் என்ன செய்தோம், மரம் வெட்டினோம்" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். வேறு மாதிரி கேளுங்கள். சப்பான்காரன் காலத்தில் யார் யார் தோட்டத்தை விட்டுப் போனார்கள், அவர்களில் பெண் யார், அவள் திரும்பி வந்தபோது யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தாய் சொன்னது, பாட்டி சொன்னது என்று வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தத்தில் சமையலுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சம்பள நாளில் அவர் கூலியை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.